மானிட்டர் கோளாறா, பேனலின் குணமா: அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்குக் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் வேலை. ஒரு நாளில் பத்து மணி நேரமாவது மானிட்டர் முன்னால்தான். 17 அங்குல டியூப் மானிட்டரில் தொழில் கற்றேன். அப்புறம் டிஎன், ஐபிஎஸ், விஏ என்ற மூன்று எல்சிடி வகைகள், இப்போது ஓர் ஓலெட் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) லேப்டாப் என்று எல்லா வகையும் என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. அதனால் தெருவில் யார் வீட்டில் திரை மக்கர் பண்ணினாலும் முதலில் என்னிடம்தான் தூக்கி வருகிறார்கள். "பேனல் போயிடுச்சாம், புதுசு வாங்கணுமாம்" என்பதுதான் பெரும்பாலும் முதல் பேச்சு.

அப்படி வந்தவற்றில் பேனல், அதாவது படம் தெரியும் திரைப் பகுதி, உண்மையிலேயே போனவை கொஞ்சம்தான். மற்றவை கேபிள், அடாப்டர், ஏதோ ஒரு செட்டிங் என்று முடிந்துவிடும். இன்னொரு ரகமும் உண்டு. கோளாறே இருக்காது, அந்த வகைப் பேனலின் பிறவிக்குணம் அது. அதை எந்த மெக்கானிக்காலும் மாற்ற முடியாது, கொடுத்த காசுதான் போகும். எது எந்த ரகம் என்று வீட்டிலேயே பிரித்துப் பார்த்துவிடலாம். அறிகுறி வாரியாகச் சொல்கிறேன்.

எதையும் கழற்றும் முன்

மூன்றே சோதனை. ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம்.

முதலில் மானிட்டரின் பொத்தானை அமுக்கி அதன் சொந்த மெனுவை வரவழையுங்கள். வெளிச்சம், கான்ட்ராஸ்ட் எல்லாம் இருக்குமே, அது. அந்த மெனுவை வரைவது மானிட்டருக்குள் இருக்கும் போர்டு. கேபிள் வழியாக அது வருவதில்லை. கோடோ மினுக்கலோ நிறப்பிசகோ மெனுவின் மேலும் தெரிந்தால் கோளாறு மானிட்டருக்குள் இருக்கிறது. மெனு சுத்தமாக இருந்து பின்னால் உள்ள படம் மட்டும் கெட்டிருந்தால் கேபிளையோ கம்ப்யூட்டரையோ சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதைப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனிலும் அதே கோளாறு தெரிந்தால் மானிட்டருக்குச் சம்பந்தமே இல்லை. மென்பொருளோ கிராபிக்ஸ் டிரைவரோ கார்டோதான் காரணம். போனில் சுத்தமாக இருந்தால் படம் கம்ப்யூட்டரை விட்டுக் கிளம்பும்போதோ அதற்குப் பிறகோதான் எங்கேயோ கெடுகிறது. 

மூன்றாவது, மாற்றிப் போட்டுப் பார்ப்பது. வேறு கேபிள், வேறு போர்ட், முடிந்தால் வேறு கம்ப்யூட்டர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது.

ஒன்றுமே வரவில்லை

விளக்கு எரிகிறது, "சிக்னல் இல்லை" என்று எழுத்து வருகிறது என்றால் பேனல் நன்றாக இருக்கிறது. எழுத்தைக் காட்டியதே பேனல்தானே. மானிட்டரில் சரியான இன்புட் தேர்ந்தெடுத்திருக்கிறதா பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும் கம்ப்யூட்டரில் கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் செருகிவிட்டுத் தவிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் போர்ட்டில் செருக வேண்டும்.

விளக்கு எரிகிறது, படம் இரண்டு விநாடி தெரிந்து அணைந்துவிடுகிறது என்றால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துத் திரைக்கு மிக அருகில் பாருங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது. பின்னால் எரியும் பேக்லைட்தான் போயிருக்கிறது. பழைய மானிட்டர்களில் மெல்லிய டியூப் விளக்கும் அதற்கான இன்வெர்ட்டர் போர்டும் இருக்கும், புதியவற்றில் எல்இடி பட்டை. இரண்டையும் மாற்றத் தெரிந்தவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கிறார்கள். பேனல் விலை ஆகாது.

காலையில் போட்டால் பத்து நிமிடம் கண் சிமிட்டிவிட்டுத்தான் நிலைக்கிறது, சூடானதும் சரியாகிவிடுகிறது என்றால் பவர் போர்டில் கெபாசிட்டர் உப்பியிருக்கும். 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் வந்த பொருள்களில் இது பெரும் நோயாகவே இருந்தது. சில நூறு ரூபாயில் தீரும் வேலை. ஆனால் நீங்களே திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே போய் ஏறக்குறைய 325 வோல்ட் நேர்மின்சாரமாகப் பெரிய கெபாசிட்டரில் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது உயிரோடு இருக்கும்.

இன்னொன்று. படம் திடீரென இரண்டு விநாடி கறுத்துத் தானாகத் திரும்பி வருகிறது. என்னிடம் மூன்று மாதம் இது தொடர்ந்தது. கேபிள் மாற்றினேன், டிரைவர் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் நான் நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் நடக்கிறது! உயரம் ஏற்றி இறக்கும் சிலிண்டர் உள்ள சுழல் நாற்காலிகளில் உட்காரும்போதும் எழும்போதும் நிலைமின்சாரம் பொறி தட்டும். அந்த அதிர்வை மட்டமான எச்டிஎம்ஐ கேபிள் ஆன்டெனா மாதிரி வாங்கிக்கொள்கிறது. இது பலர் கண்டு பதிவு செய்த விஷயம்தான். நல்ல கவசமுள்ள, நீளம் குறைந்த கேபிள் போட்டதும் நின்றுவிட்டது.

திரையில் கோடு

மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு. பச்சையோ இளஞ்சிவப்போ. மெனுவின் மேலும் அது ஓடுகிறது. இப்படி இருந்தால் வருத்தமான செய்திதான். பேனலின் கண்ணாடி விளிம்பில் மயிரிழை அளவுக் கம்பிகளோடு ஒரு மெல்லிய பட்டை ஒட்டப்பட்டிருக்கும். அந்த ஒட்டு விட்டுப்போனால் ஒரு நெடுவரிசை முழுக்கச் செத்துவிடும். சட்டத்தின் ஓரத்தை லேசாக அமுக்கினால் கோடு மறைந்து, விட்டால் திரும்ப வந்தால் இதுதான். அமுக்கி அமுக்கி ஓட்டுவது வைத்தியம் ஆகாது. பேனலை மாற்றும் செலவு புது மானிட்டர் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். வாரண்டி இருந்தால் கேளுங்கள். இல்லாவிட்டால் கோட்டோடு வாழலாமா என்று யோசியுங்கள். என் பழைய ஐபிஎஸ் ஒன்று வலது ஓரத்தில் ஒற்றைக் கோட்டுடன் இன்றும் கணக்கு எழுத உதவுகிறது.

எங்கள் ஊரில் இந்தக் கோடு விழ நம் கையாலேயே வழி செய்துவிடுகிறோம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தேவனாம்பட்டினம், கடலூர் ஓ.டி. (பழைய நகரம்), புதுச்சேரிப் பக்கம் குருசுக்குப்பம், முத்தியால்பேட்டை என்று கடலுக்கு அருகில் இருப்பவர்கள் கவனித்திருப்பீர்கள். இரண்டு வாரம் துடைக்காத திரையில் விரலை இழுத்தால் பிசுபிசுப்பாக ஒரு படலம் வரும். தூசி மட்டும் இல்லை, உப்பும் சேர்ந்தது. காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் உப்புத்துகள் திரையின் மேற்பூச்சைக் கீறிவிடும். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் திரையில் நேரடியாகத் தெளித்தால் இன்னும் மோசம். துளி வழிந்து கீழ்ச் சட்டத்தின் இடுக்கில் இறங்கும். அந்தப் பட்டைகளும் அவற்றின் சின்ன போர்டுகளும் நிறைய மானிட்டர்களில் அங்கேதான் இருக்கின்றன. துடைத்த மறுநாள் கோடு விழுந்தது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "மேல தெளிச்சீங்களா, துணியில தெளிச்சீங்களா?"

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அணைத்து, ஆற விட்டு, மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். மைக்ரோஃபைபர் துணியை, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, சொட்டாதபடி நன்றாகப் பிழிந்து, மேலிருந்து கீழாக அழுத்தாமல் துடையுங்கள். பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஸ்பிரிட், தின்னர் பக்கமே போகாதீர்கள்.

கோடு மெனுவில் தெரியவில்லை, படத்தில் மட்டும் தெரிகிறது என்றால் நிம்மதி. கேபிளின் முனையைப் பாருங்கள். பழைய விஜிஏ பின்னில் உப்புக்காற்று பட்டுப் பச்சைப் பாசி மாதிரி படிந்திருக்கும். இரண்டு மூன்று முறை கழற்றிச் செருகினாலே சில நேரம் சரியாகும். இல்லையென்றால் புதுக் கேபிள்.

நிறம் சரியில்லை

இது என் வயிற்றுப்பாட்டு விஷயம், அதனால் நின்று நிதானமாகவே சொல்கிறேன்.

சுலபமானதை முதலில் முடிப்போம். திரை முழுக்க மஞ்சளடித்தால் இரவு நேர வெளிச்சம் என்ற செட்டிங் பகலிலும் ஓடுகிறதா பாருங்கள். அது இல்லை, விஜிஏ கேபிள் போட்டிருக்கிறீர்கள் என்றால் நிறமே கணக்கைச் சொல்லிவிடும். அந்தக் கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் வருகின்றன. நீலம் அறுந்தால் திரை மஞ்சள். பச்சை அறுந்தால் கத்திரிப்பூ கலந்த இளஞ்சிவப்பு. சிவப்பு அறுந்தால் மயில் நீலம். கேபிளை ஆட்டிப் பார்த்தால் நிறம் வந்து வந்து போகும்.

கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்துத் தெரிகிறது, எல்லாம் வெளிறிப் போயிருக்கிறது என்றால் எச்டிஎம்ஐயின் வரம்பு செட்டிங்கைப் பாருங்கள். கம்ப்யூட்டர் கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்று படியளக்கும். டிவி உலகத்துக் கணக்கு 16 முதல் 235 வரை. கம்ப்யூட்டர் மானிட்டரை டிவி என்று நினைத்து 16-ல் தொடங்கினால், மானிட்டர் அதைக் கறுப்பு என்று எடுத்துக்கொள்ளாமல் சாம்பலாகக் காட்டும். கிராபிக்ஸ் கார்டின் செட்டிங்கில் முழு வரம்பு என்று மாற்றினால் ஒரு நொடியில் திரை உயிர் பெறும். இது தெரியாமல் ஐபிஎஸ் பேனலே மட்டம் என்று திட்டிக்கொண்டு ஒருவர் என் கடைக்கு வந்தார். மாற்றிக் காட்டியதும் அதே மானிட்டரைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

இனிப் பேனலின் குணம். நான் முதலில் வாங்கிய எல்சிடி 18.5 அங்குல டிஎன். டியூப் மானிட்டரை எங்கிருந்து பார்த்தாலும் ஒரே நிறம். இதில் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் படம் இருண்டு, இன்னும் தாழ்த்தினால் முகங்கள் நெகட்டிவ் மாதிரி ஆகிவிடும். நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா மகள் ஆல்பம் பார்க்க வந்தார்கள். மகள் என் பக்கத்தில் நாற்காலியில், அம்மா பின்னால் நின்றுகொண்டு.

"தம்பி, முகூர்த்தப் புடவை இவ்வளவு வெளுப்பா இல்லையே?"

"இல்லம்மா, நல்ல அரக்குச் சிவப்புதான் தெரியுது" என்றாள் மகள்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. நின்றவருக்கு ஒரு நிறம், உட்கார்ந்தவளுக்கு ஒரு நிறம். மானிட்டரைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டி அன்று சமாளித்தேன். டிஎன் பேனலில் இதைச் சரிசெய்ய வழி இல்லை. கண் மட்டத்துக்கு நேராக வைத்து ஒருவர் மட்டும் பார்த்தால் போதும் என்கிற வேலைக்கு, பில் போடுவதற்கு, டேலி பார்ப்பதற்கு அது இன்றும் தாராளமாகப் போதும். நிறம் பார்த்து முடிவு செய்யும் வேலைக்கு ஐபிஎஸ்தான். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் நிலையாக நிற்பதற்கென்றே 1990-களின் நடுவில் ஹிட்டாச்சி கொண்டுவந்த நுட்பம் அது.

ஆனால் ஐபிஎஸ் என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் நிறம் வந்துவிடாது. குறைந்த விலை லேப்டாப்களில் ஐபிஎஸ் இருக்கும், விவரத்தாளில் 45 சதவீதம் என்டிஎஸ்சி (பழைய டிவி நிற அளவு) என்றும் இருக்கும். அப்படியென்றால் எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிறம்தான் அந்தத் திரையால் காட்ட முடியும். அரக்குச் சிவப்பு செங்கல் தூள் மாதிரியும், பச்சைப் பட்டு காய்ந்த வாழை இலை மாதிரியும் தெரியும். எந்த செட்டிங்காலும் இல்லாத நிறத்தை வரவழைக்க முடியாது. 72 சதவீதம் என்டிஎஸ்சி என்றோ, நூறை ஒட்டிய எஸ்ஆர்ஜிபி என்றோ இருந்தால்தான் வாங்கச் சொல்வேன்.

இதற்கு நேர்மாறான தொல்லை புதிய மானிட்டர்களில் வருகிறது. நிற வீச்சு அதிகமுள்ள பேனல், ஆனால் நிறத்தைக் கணக்கிட்டுக் காட்டத் தெரியாத சாதாரண மென்பொருள். மணமகனின் முகம் வெயிலில் வெந்தது போலச் சிவக்கும், மஞ்சள் தாலிக்கயிறு ஒளிரும். மானிட்டர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி என்று ஒரு பயன்முறை இருக்கும். அதற்கு மாற்றுங்கள், முகம் முகமாகும்.

அச்சில் கறுப்படித்து வருகிறது என்று என்னிடம் கேட்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: உங்கள் மானிட்டர் வெளிச்சம் அதிகம். புதுசாகப் பெட்டி பிரிக்கும்போது நிறைய மானிட்டர்கள் 250 நிட்டுக்கு (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சத்தோடுதான் வரும். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. திரையை 100, 120 நிட் அளவுக்கு இறக்கி வேலை செய்தால் அச்சும் திரையும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும். அளவுகோல் கருவி இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்கு அருகில், அறை விளக்கில் பிடித்து, திரையின் வெள்ளை அந்தத் தாளைப் போலத் தெரியும் வரை குறையுங்கள். கருவி தரும் துல்லியம் வராதுதான், ஆனாலும் ஆல்பத்தைக் காப்பாற்றும்.

எழுத்து மங்கல்

24 அங்குலத்தில் நன்றாக இருந்த எழுத்து 27 அங்குலத்தில் சொரசொரப்பாகத் தெரிகிறது என்பவர்களுக்கு: இரண்டும் 1920க்கு 1080 புள்ளிதான் என்றால் கோளாறு இல்லை. 24-ல் ஓர் அங்குலத்துக்கு 92 புள்ளி, 27-ல் 82 தான். அதே மாவில் பெரிய தோசை ஊற்றியது போல. 27 வாங்கினால் 2560க்கு 1440 பாருங்கள், 109 புள்ளி வரும். தமிழ் எழுத்துக்கு இது ஆங்கிலத்தைவிட முக்கியம். ணகர சுழியும் ஔகார வளைவும் புள்ளி பற்றாமல் ஒட்டிப்போய்விடும்.

மற்றபடி, கம்ப்யூட்டரின் ரெசொல்யூஷன் (அகலத்துக்கு எத்தனை புள்ளி, உயரத்துக்கு எத்தனை என்ற செட்டிங்) பேனலின் சொந்த அளவுக்கு இருக்கிறதா பாருங்கள். விஜிஏ என்றால் மானிட்டரின் ஆட்டோ பொத்தானை ஒருமுறை அமுக்குங்கள், நிழல் விழுந்த எழுத்து ஒருங்கிவிடும். டிவியை மானிட்டராக வைத்திருந்தால் ஓரங்கள் வெட்டுப்படும், சிவப்பு எழுத்து கசியும். அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை டிவி மெனுவில் பிசி என்று மாற்றினால் நிறைய டிவிகளில் இரண்டும் சேர்ந்து சரியாகும். 4கே டிவியில் மவுஸ் அம்பு தயங்கித் தயங்கி நகர்ந்தால் விநாடிக்கு 30 படம்தான் போகிறது, எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டின் எல்லை அது. 60 வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் 2.0 இருக்க வேண்டும்.

கண் எரிச்சல், மினுக்கல்

கண்ணுக்குத் தெரிந்து மினுக்கினால் கேபிள், அடாப்டர், கெபாசிட்டர் என்று மேலே சொன்ன வரிசைதான். கண்ணுக்குத் தெரியாமல் மினுக்குவது வேறு. சில எல்சிடி மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைப்பதே பேக்லைட்டை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றித்தான். நாள் முழுக்கப் பார்த்துவிட்டு எழுந்தால் நெற்றி கனக்கும். எல்லாருக்கும் வராது, எனக்கு வரும்.

சோதிப்பது எளிது. முழுத் திரையையும் வெள்ளையாக்கி, வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பேனாவைத் திரைக்கு முன்னால் விசிறி போல வேகமாக ஆட்டுங்கள். மென்மையான புகைபோல் தெரிந்தால் நல்லது. தனித்தனியாகப் பத்துப் பேனா அடுக்கியது போலத் தெரிந்தால் மினுக்குகிறது. அறை விளக்கை அணைப்பது முக்கியம், பழைய சோக் வைத்த டியூப்லைட்டே விநாடிக்கு 100 முறை மினுக்கும். அதன் பழியை மானிட்டர் மேல் போட்டுவிடக் கூடாது. மினுக்கும் மானிட்டராக இருந்தால் மெனுவில் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டர் பக்கம் நிறத்தை மட்டுப்படுத்திக்கொள்ளலாம். கொஞ்சம் கான்ட்ராஸ்ட் குறையும். தலைவலிக்கு அது பரவாயில்லை.

இருட்டுக் காட்சியில் மூலை வெளுப்பு, வால் விடும் நிழல்

இரவில் படம் பார்க்கும்போது ஐபிஎஸ் திரையின் மூலைகள் புகைபோல வெளுத்தால் பயப்பட வேண்டாம். இரண்டடி பின்னால் நகருங்கள். வெளுப்பு சுருங்கினால் அது ஐபிஎஸ்சின் குணம். எங்கே நகர்ந்தாலும் அதே இடத்தில் அதே அளவில் நின்றால் சட்டத்தின் அழுத்தத்தால் பேக்லைட் கசிகிறது. வாங்கிய வாரத்தில் பார்த்தால் மாற்றித் தரக் கேளுங்கள்.

கறுப்பு பிடித்தவர்களுக்கு விஏ. ஐபிஎஸ்ஸில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் வழக்கமாக ஆயிரத்துக்கு ஒன்று வித்தியாசம் என்றால், விஏயில் மூவாயிரத்துக்கு ஒன்று வரும். என் அக்கா மகன் லாஸ்பேட்டையில் 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 144 படம்) வளைந்த விஏ மானிட்டர் வாங்கினான். ஒரே வாரத்தில் போன்.

"மாமா, கேம்ல இருட்டுக்குள்ள ஓடுனா எல்லாத்துக்கும் பின்னாடி கறுப்பா வால் வருது. திருப்பிக் குடுத்துடட்டுமா?"

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். முதலில் விண்டோஸ் செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸிலேயே கிடந்தது. 144 என்று வாங்கியும் யாரும் மாற்றிக்கொடுக்கவில்லை. இப்படி 60-லேயே ஓடும் மானிட்டர்கள் ஊரில் நிறைய. டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்டு மாற்றியதும் பாதி குறை தீர்ந்தது. மீதி வால் விஏயின் குணம். 144 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்குக் கிடைப்பது 7 மில்லி செகண்டுக்கும் குறைவு. கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாற சில விஏ பேனல்கள் 30 மில்லி செகண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். புள்ளிகள் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் ஓவர்டிரைவ் என்ற செட்டிங்கை ஒரு படி ஏற்றினோம், வால் குட்டையானது. உச்சத்துக்கு ஏற்றினால் கறுப்பு வாலுக்குப் பதில் வெள்ளை விளிம்பு வந்தது. நடுவில் விட்டுவிட்டோம். படம் பார்க்க அருமையாக இருக்கிறது என்று இப்போது அவனே வைத்துக்கொண்டான். வேகமான விளையாட்டு மட்டும்தான் என்றால் ஐபிஎஸ் வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஓலெட்டில் இந்த வாலும் இல்லை, வெளுப்பும் இல்லை. கறுப்பு என்றால் புள்ளியே அணைந்துவிடுகிறது. ஆனால் ஒரே படத்தை நாள் கணக்கில் காட்டினால் தழும்பு விழும். என் லேப்டாப்பில் டாஸ்க்பாரைத் தானாக மறைய வைத்திருக்கிறேன், பின்னணி கறுப்பு, மூன்று நிமிடத்தில் திரை அணையும். ஆல்பம் மென்பொருளின் கருவிப்பட்டி நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதால் தினசரி வேலையை அதில் செய்வதில்லை. வாடிக்கையாளருக்குக் காட்ட மட்டும்.

ஒரு புள்ளி

1920க்கு 1080 திரையில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள், ஒவ்வொன்றிலும் மூன்று நிறம். அதில் ஒன்று இரண்டு செத்தால் பல கம்பெனிகள் வாரண்டியில் எடுக்காது, வாங்கும் முன் விதியைப் படியுங்கள். எப்போதும் கறுப்பு என்றால் செத்த புள்ளி, போகாது. எப்போதும் சிவப்போ பச்சையோ நீலமோ எரிந்தால் சிக்கிய புள்ளி. நிறங்களை வேகமாக மாற்றிக் காட்டும் வீடியோவை ஒரு மணி நேரம் ஓடவிட்டால் சிலது விடுபடும். என் அனுபவத்தில் நான்கில் ஒன்று விடுபட்டது.

புள்ளி நகர்ந்தால்? சிரிக்காதீர்கள், அடிக்கடி வரும் புகார் இது. ஐப்பசி மழை பிடித்ததும் பொடி எறும்பும், எள்ளில் பாதிகூட இல்லாத பூச்சிகளும் சூட்டையும் வெளிச்சத்தையும் தேடிக் காற்றுத் துளை வழியாக உள்ளே போய்விடும். பேனலுக்கும் அதன் பின்னால் உள்ள வெள்ளைத் தாளுக்கும் நடுவே ஊரும். கை பரபரக்கும், ஆனால் விரலால் அமுக்கிவிடாதீர்கள். அமுக்கினால் அங்கேயே நசுங்கி, அந்தக் கறை மானிட்டர் உள்ள வரை இருக்கும். மானிட்டரை அணையுங்கள். அறையையும் இருட்டாக்கி, மானிட்டரின் மேல் விளிம்புக்குப் பக்கத்தில் போன் டார்ச்சை எரியவிடுங்கள். வெளிச்சம் தேடி வந்த ஜீவன் வெளிச்சம் தேடியே வெளியே வரும். எனக்கு ஒருமுறை இருபது நிமிடம் ஆனது, இன்னொரு முறை இரவு முழுக்க.

சட்டத்தைத் தொட்டால் சுள்ளென்கிறது

மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் மாட்டியிருக்கிறீர்கள், அல்லது வீட்டில் எர்த் சரியில்லை. பவர் சப்ளையின் வடிகட்டியிலிருந்து மிகச் சிறிய கசிவு போக வழியில்லாமல் உலோகத்தில் நிற்கிறது. இந்தக் கசிவால்தான் எச்டிஎம்ஐ செருகும்போது பொறி பறந்து போர்ட் எரிவதும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள். கடலோர உப்பு மண்ணில் எர்த் கம்பி சீக்கிரம் அரித்துப்போகும். ஒருமுறை போட்டாயிற்று என்று விடக் கூடாது.

தண்ணீர் பட்ட மானிட்டர்

2011 டிசம்பர் 30 தானே புயலில் என் ஓடு பறந்து மேசை மேல் மழை கொட்டியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்தடுத்த நாளில் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்தபோது தெரிந்தவர்களின் மானிட்டர்கள் ஏழெட்டு என்னிடம் வந்தன. போட்டுப் பார்த்தபின் கொண்டுவந்தவை எதுவும் பிழைக்கவில்லை. போடாமல் கொண்டுவந்தவற்றில் நான்கு பிழைத்தன.

பிளக்கைப் பிடுங்கி, நிமிர்ந்த நிலையில் வையுங்கள். படுக்க வைத்தால் தண்ணீர் பின்னால் உள்ள தாள்களுக்குள் பரவி மேகம் போலக் கறை விழும். ஹேர் டிரையர் சூடு வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம். மின்விசிறிக் காற்று போதும். வெள்ளநீர், கடல்நீர் பட்டிருந்தால் காய்ந்தாலும் உப்பு உள்ளே இருக்கும். சர்வீஸ் ஆளிடம் கொடுத்துப் போர்டைக் கழற்றிக் கழுவி உலர்த்தச் சொல்ல வேண்டும். வெறும் மழைநீர் என்றால் குறைந்தது நான்கு நாள் விசிறிக்கு முன்னால். ஐந்தாம் நாள் போடும்போது பக்கத்திலேயே நின்று, கை சுவிட்ச் மேலேயே இருக்கட்டும். கருகல் வாடையோ சிடுசிடு சத்தமோ வந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.